பின்னறைக்கும் கேட்கட்டும்

நோன்பு காலத்தில் மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உங்கள் வீட்டில் யார் யார் எங்கே இருப்பார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். வாப்பாவும் பிள்ளைகளும் ஹோலில், ரேடியோவுக்குப் பக்கத்தில். நீங்கள் குசினியில். கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றி, கடைசியாகப் போட்ட பெட்டிஸை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டே, "மகன், பாங்கு சொல்லியாச்சா?" என்று சத்தம் போட்டுக் கேட்பீர்கள். சில நாள் பதில் வரும். சில நாள் மகனின் வாயில் ஏற்கனவே ஈத்தம்பழம் இருக்கும்.

ரேடியோவும் டீவியும் ஹோலுக்குச் சொந்தம் என்பது யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. பிளக் அங்கே இருந்தது, அங்கே வைத்தோம், அவ்வளவுதான். ஆனால் நாளின் பெரும் பகுதியைக் குசினியில் கழிப்பவருக்கும் பின்னறையில் படுத்திருப்பவருக்கும் அதில் பாதிதான் வந்து சேர்கிறது.

மேல்மாடி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: சுவர் பூசுவதற்கு முன் எல்லா அறைகளுக்கும் டீவி வயரும் ஸ்பீக்கர் வயரும் இழுக்க வேண்டுமென்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறானாம், இது காசை வீணாக்கும் வேலைதானே என்கிறார். சகோதரி, வீணில்லை. பூசிய பிறகு சுவரை வெட்டுவதுதான் வீண். ஆனால் டீவி வயரையும் ஸ்பீக்கர் வயரையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் மாமி கடைசி இரண்டு வருடமும் பின்னறையில் படுக்கையோடு இருந்தார். நினைவு தெளிவு, காதும் நல்லம், கால்தான் இல்லை. ஒரு நாள் இரவு ஹோலில் டீவியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். பால் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "என்னத்துக்கு மகள் எல்லாரும் சிரிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது அதில் சிரிப்பே இல்லை.

அடுத்த வாரம் ஹோல், குசினி, மாமியின் அறை, மேல்மாடி என்று நான்கு இடத்துக்கு ஸ்பீக்கர் போட்டோம். டீவியின் சத்தமும் ரேடியோவும் ஒரே எம்ப்ளிபயருக்குள் போய், அங்கிருந்து நான்கு அறைக்கும் பிரியும். வேலைக்கு வந்தவர் நான்கு வயரையும் ஒன்றாக முறுக்கி எம்ப்ளிபயரின் ஒரே இணைப்பில் சொருகிவிட்டுப் போனார். மூன்று நாள் நன்றாகப் பாடியது. நான்காம் நாள் கருகிய வாடை. எம்ப்ளிபயர் முடிந்தது.

காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் 4 ஓம் அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்கும். கரண்ட் ஓடுவதற்கு அது கொடுக்கும் தடையின் அளவு அது. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் எம்ப்ளிபயருக்கு அது 4 ஓம். நான்கை இணைத்தால் 2 ஓம். தடை குறையக் குறைய எம்ப்ளிபயர் அதிகமாகக் கரண்ட் தள்ள வேண்டும். வீட்டுக்குப் பாவிக்கும் சாதாரண எம்ப்ளிபயர்கள் பெரும்பாலும் 2 ஓமைத் தாங்குவதில்லை. ஒரு குழாயில் நான்கு பைப்பை ஒன்றாகத் திறந்தால் மோட்டருக்கு ஆகும் கதிதான். பரிகாரம் கஷ்டமில்லை. இரண்டிரண்டு ஸ்பீக்கரை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, அந்த இரண்டு சோடியையும் பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தம் மறுபடியும் 8 ஓம்தான். இப்படிச் செய்தால் நான்கும் ஒரே மாதிரி ஸ்பீக்கராக இருக்கட்டும். அதைவிட வசதி, பல சோடி ஸ்பீக்கரைத் தடைப் பாதுகாப்போடு பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அது கடையில் கிடைக்கும். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் பாவிக்கும் 100 வோல்ட் முறையும் உண்டு. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சின்ன ட்ரான்ஸ்போர்மர் இருக்கும்; ஒரே வயரில் எத்தனையோ கோர்க்கலாம், வாட்ஸ் கூட்டுத்தொகை எம்ப்ளிபயரைத் தாண்டாமல் இருந்தால் போதும். ஆனால் அந்த வயரைத் தொட்டால் அடிக்கும். சாதாரண ஸ்பீக்கர் வயர் என்று நினைத்துத் திறந்தபடி விடக்கூடாது.

இதையெல்லாம்விட முக்கியம், ஒவ்வொரு அறைக்கும் தனியாகச் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு. இதைச் செலவென்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன நடக்கும்? ஹோலுக்கு விருந்தாளி வந்ததும் அங்கே சத்தத்தைக் குறைப்பார்கள், பின்னறை ஊமையாகிவிடும். ஹோலில் கிரிக்கெட்டுக்குக் கூட்டுவார்கள். மேலே படிக்கிற பிள்ளையின் தலையில் இடி விழும். மாமிக்குத் திருகைத் தலையணைக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில் வைத்துக் கொடுத்தோம். நாங்கள் ஆசையோடு கொண்டுபோன சத்தத்தைப் பாதி நேரம் அவர் பூட்டித்தான் வைத்திருந்தார். எனக்கு முதலில் மனத்தாங்கல். பிறகு யோசித்தேன்: அந்த வீட்டில் அவர் கையால் செய்யக்கூடிய காரியம் எத்தனை மிஞ்சியிருந்தது?

குசினி ஸ்பீக்கரை அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டாம். எண்ணெய்ப் புகையும் ஆவியும் அதன் கடதாசிக் கூம்பைக் கெடுத்துவிடும். வாசல் பக்கச் சுவரில், காது உயரத்தில் இருக்கட்டும். வயர் 15 மீற்றருக்குள் என்றால் 1.5 சதுர மில்லிமீற்றர் தாராளம். அதற்கு மேல் போனால் 2.5 வாங்குங்கள். வீட்டு 230 வோல்ட் வயர் போகும் பைப்புக்குள்ளேயே இதையும் போட விடாதீர்கள். இரைச்சல் வரும் என்பது ஒரு பக்கம். காப்பு உரிந்து இரண்டும் தொட்டுக்கொண்டால் ஆபத்து.

"இந்தக் காலத்தில் வயர் எதற்கு உம்மா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். புளூடூத் சாதாரணமாகச் சுமார் 10 மீற்றர்தான், நடுவில் சுவர் இருந்தால் இன்னும் குறைவு. போன்காரர் கடைக்குப் போனால் பாட்டும் அவரோடு போய்விடும். வைஃபை ஸ்பீக்கர்கள் பரவாயில்லை. பல அறைகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி அவற்றைச் சேர்த்து வைக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். இன்டர்நெட் வழியாக வரும் வானொலி, எஃப்.எம். வானொலியைவிடப் பிந்தித்தான் வரும். சில வேளை அரை நிமிடத்துக்கும் மேல். நோன்பு திறக்க அது பரவாயில்லை. சஹர் முடிவுக்கு அதை நம்பிக் கோப்பையைக் கையில் வைத்திருக்காதீர்கள்.

இனி படம். அன்டெனா வயரை ஸ்பிளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு டீவிக்கும் பாதிக்கும் குறைவான சக்திதான் போகும். நான்காகப் பிரித்தால் கால்வாசியும் இல்லை. பூஸ்டரைப் பிரிப்பதற்கு முன்னால், அன்டெனாவுக்குக் கிட்ட வைக்க வேண்டும். புள்ளி விழுந்த பிறகு பெருக்கினால் புள்ளியும் சேர்ந்து பெருகும். டிஷ் அன்டெனா வயரை இந்த ஸ்பிளிட்டரால் பிரிக்கப் போக வேண்டாம். பெட்டி 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் டிஷ்ஷின் முனையிலுள்ள எல்.என்.பி.யிடம் தனக்கு வேண்டியதைக் கேட்கிறது. இரண்டு பெட்டிகள் ஒரே வயரில் கேட்டால் இரண்டுக்கும் ஒழுங்காகக் கிடைக்காது. இரண்டு வாயுள்ள எல்.என்.பி. வேண்டும். ஒரே பெட்டியின் படத்தை இரண்டு டீவிக்குக் கொடுத்தாலோ இரண்டிலும் ஒரே சனல்தான். ஹோலில் மாற்றினால் அறையிலும் மாறும். எச்.டி.எம்.ஐ. வயர் சாதாரணமானது 10 மீற்றரைத் தாண்டினால் படம் தடுமாறத் தொடங்கும். தூரம் கூட என்றால் கேட் 6 வயரில் அனுப்பும் கருவி வாங்க வேண்டும்.

ஆனாலும் ஒவ்வொரு அறைக்கும் டீவி என்பதில் எனக்கு விருப்பமில்லை. 1982 இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிப் பார்த்த தலைமுறை நாங்கள். அந்தப் பழக்க தோஷம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும். சத்தம் அறைக்கு வந்தால் வேலையும் நடக்கும், கதவும் திறந்திருக்கும். படம் வந்தால் கதவு சாத்திக்கொள்கிறது. படுக்கையில் இருப்பவரின் அறைக்கு மட்டும் நான் விலக்குக் கொடுப்பேன்.

கலியாண நாளும் ஒரு விலக்குத்தான். நிகாஹ் நடக்கும் இடத்திலிருந்து பெண்கள் பகுதிக்குக் கமரா வயர் இழுத்து டீவி வைக்கிறார்கள். படம் தெளிவாக வரும், சத்தத்தில் மின்விசிறிதான் கேட்கும்! கமரா தூரத்திலிருந்து தன் சொந்த மைக்கால் கேட்பதால் வரும் வினை இது. மைக் எம்ப்ளிபயரின் பின்னாலுள்ள வெளியீட்டுத் துளையிலிருந்து ஒரு வயரைக் கமராவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பெண்ணின் உம்மாவுக்கு மாப்பிள்ளையின் வாயசைப்பை மட்டும் பார்த்துத் திருப்தியடையும் நிலை வராது.

மாடி கட்டும் சகோதரிக்கு என் பதில் இதுதான். ஸ்பீக்கர் வயரை எல்லா அறைக்கும், குசினிக்கும் கட்டாயம் இழுங்கள். படத்துக்கு வயர் வாங்க வேண்டாம். வெறும் பைப்பை மட்டும் பதித்து, அதற்குள் ஒரு நைலோன் நூலை விட்டு வையுங்கள். எந்த அறைக்குத் தேவையென்று காலம் காட்டும்போது அந்த நூலில் கட்டி வயரை இழுத்துக்கொள்ளலாம். பூசுவதற்கு முந்திய நாள், அளவு நாடாவைச் சுவரோடு பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கப் போகும்போது அது உதவும்.