உப்பின் மேல் மிதக்கும் தோட்டம்!

மார்கழி மாதம். பொழுது இன்னும் புலரவில்லை.

புதுமடம் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு காய்கறித் தோட்டம். சுற்றிலும் பனை மட்டை வேலி. அங்கே அதற்குள் வேலை தொடங்கி விட்டது.

வீட்டு அம்மாள் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்துடன் ஊற்றுக் குழியில் இறங்குகிறாள். வீட்டுக்காரர் கத்தரி இலைகளைப் புரட்டிப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார். மூத்த பையன் வெண்டைக்காய் பறிக்கிறான். சின்னப் பெண் கீரையைப் பிடி பிடியாக எடுத்து வாழை நாரினால் கட்டுகிறாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன் அவள் கட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கூடை சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ராமநாதபுரம் கடற்கரையில் மண்ணை நம்பி வாழும் எத்தனையோ வீடுகளின் கதை.

ஆண்டில் இவர்கள் கையில் காசு புரளும் காலம் இந்தக் குளிர்காலம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு கவலை இருக்கிறது.

ஊற்றுக் குழியில் இறங்கிய அம்மாள், முதல் குடத்தை மொண்டதும் ஒரு வாய் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறாள். தாகத்துக்காக அல்ல. தண்ணீர் இனிக்கிறதா, கரிக்கிறதா என்று பார்க்கிறாள்!

குளிர் இல்லாத குளிர்காலம்

ஊட்டியில் மார்கழி என்றால் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். புதுமடம் பக்கம் அந்தப் பேச்சே கிடையாது. பாம்பன் கரையில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பக்கத்தில் இருக்கும் கடல், போர்வை போலக் காக்கிறது.

இங்கே குளிர்காலம் என்றால் மழை பெய்து ஓய்ந்த காலம் என்று அர்த்தம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 800 மில்லி மீட்டரைச் சற்றே தாண்டும். அதில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து விடுகிறது. பிறகு வாடைக்காற்று வீசும். மண் ஈரமாக இருக்கும். வெயில் கடுமை இராது. கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை எல்லாம் பூத்துக் காய்க்க இதைவிட நல்ல காலம் இல்லை.

வேலையும் அதற்கேற்றபடி இருக்கும். விடியற்காலையில் பறிப்பு. பிறகு களை எடுப்பு. பனி விழுந்த இலையில் சாம்பல் நோய் வருகிறதா என்று கண்காணிப்பு. அவரையில் அசுவினிப் பூச்சி கண்டால் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். மாலையில் மறுபடியும் தண்ணீர்.

எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது.

எண்ணெய் போல மிதக்கும் நீர்

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

கேட்பதற்கு விசித்திரமாகத்தான் இருக்கும். மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. மணலுக்கு அடியில் ஏற்கனவே கடலின் உப்புநீர் இருக்கிறது. உப்புநீர் கனமானது, மழைநீர் லேசானது. ஆகவே மழைநீர் கீழே போய்க் கலந்து விடாமல், தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பது போல, உப்புநீரின் மேல் நிற்கிறது.

நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் கடலோர மணல்மேடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். இது 100 ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு. ஆனாலும் இன்றும் உதவுகிறது.

கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதுதான் அந்தக் கணக்கு.

நல்ல செய்திதானே என்று தோன்றும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்து, அது அப்படியே நீடித்தால், கீழே 40 அடி நல்ல தண்ணீர் போய்விடும். அந்த இடத்துக்கு உப்பு ஏறி வரும்!

தோட்டக்காரர்களின் முன்னோர்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் அல்ல. ஆனால் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். ஆழமாகத் தோண்டாதே, அகலமாகத் தோண்டு. ஒரே குழியில் இறைக்காதே. நாலு குழியில் மாற்றி மாற்றி மொள்ளு. ஊற்றுக் குழி ஆழம் குறைவாக இருப்பதன் ரகசியம் இதுதான். மேலே மிதக்கும் நல்ல தண்ணீரை மட்டும், பால் ஏட்டை எடுப்பது போல எடுக்கிறார்கள்.

குடமா, மோட்டாரா?

இப்போது பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் ஒன்று உண்டு.

"எத்தனை நாளைக்கப்பா அம்மா குடம் சுமக்கிறது? ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்தால் என்ன?" என்று பையன் கேட்பான்.

"போடலாம். நாலு வருஷம் கழிச்சு உப்புத் தண்ணி வந்தா, தோட்டத்தை என்ன செய்வே?" என்று தகப்பனார் கேட்பார்.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு நாளைக்கு 100 நடை, நடைக்கு 2 குடம், குடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,400 லிட்டர். இதை ஒரு பெண் இடுப்பில் சுமக்கிறாள். 5 குதிரைத்திறன் மோட்டார் இதே தண்ணீரைச் சில நிமிடங்களில் இறைத்துத் தள்ளிவிடும். குடம் சுமந்து முதுகு தேய்ந்த தாயைப் பார்க்கும் பிள்ளைக்கு மோட்டார் ஆசை வருவதில் தவறு இல்லை.

ஆனால் ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஆழமான குழாய் ஒரே இடத்தில் உறிஞ்சினால், நேர் கீழே இருக்கும் உப்புநீர் கூம்பு போல மேலெழும்பி வருகிறது. முதலில் லேசாகக் கரிக்கும். பிறகு அவரை இலையின் ஓரம் கருகும். தென்னை நெடுநாள் தாக்குப் பிடிக்கும், அவரை பிடிக்காது.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசம். எத்தனையோ ஏழை விவசாயிகளைக் கைதூக்கிவிட்ட திட்டம் அது. என்றபோதிலும், மோட்டாரை எப்போது நிறுத்துவது என்பதை மின்சாரக் கட்டணம் இங்கே நினைவூட்டுவதில்லை. கடற்கரை மணலில் அதை உப்புதான் நினைவூட்டுகிறது. அது நினைவூட்டும்போது காலம் கடந்து விடுகிறது.

மீஞ்சூர் சொல்லும் பாடம்

இது வெறும் பயம் அல்ல. நடந்திருக்கிறது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரம் ஒரு காலத்தில் நல்ல நிலத்தடி நீருக்குப் பெயர் போனது. பாசனத்துக்கும், சென்னை நகரத்துக்கும், தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் இறைக்கப்பட்டது. 1969-ல் கடல்நீர் நிலத்துக்கு அடியில் சுமார் 3 கிலோ மீட்டர் தூரம் உள்ளே வந்திருந்தது. 1983-ல் அது சுமார் 7 கிலோ மீட்டர் ஆகிவிட்டது!

கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய இதே நிலைமை. அங்கே மணலுக்குப் பதில் சுண்ணாம்புப் பாறை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாறை இடுக்கில் தங்கும் மழைநீரை வைத்துத்தான் மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கிறார்கள். துலாவில் இறைத்த காலம் போய் இயந்திரம் வந்த பிறகு, கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப் போயின.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் பகுதி வயல்களில் கடல்நீர் புகுந்தது. இனி பயிரே விளையாது என்று ஜனங்கள் அழுதார்கள். ஆனால் மழை பெய்து உப்பைக் கழுவியது. ஜிப்சம் போட்டார்கள், நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தார்கள். சில பருவங்களில் பெரும்பாலான நிலங்கள் மீண்டும் விளைந்தன.

மேலே வந்த உப்பை மழை கழுவிவிடும். கீழேயிருந்து ஏறிய உப்பு அப்படிப் போகாது. அதை மறுபடியும் கீழே தள்ளப் பல ஆண்டு மழை வேண்டும். அதுவரை இறைக்காமல் பொறுத்திருக்கவும் வேண்டும். தோட்டத்தை நம்பியிருக்கும் குடும்பம் அத்தனை ஆண்டு எப்படிப் பொறுத்திருக்கும்?

கொட்டியும் தங்காத மழை

மழையின் போக்கும் இப்போது மாறி வருகிறது.

2024-ம் ஆண்டு நவம்பர் 20-ந்தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டி மீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. பாம்பனில் 3 மணி நேரத்தில் 19 சென்டி மீட்டர்! ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழையில் ஏறத்தாழப் பாதி, ராமேசுவரத்தில் ஒரே நாளில் பெய்து விட்டது.

இவ்வளவு மழை பெய்தால் நிலத்தடி நீர் பெருகி வழியாதா?

வழியாது. மெதுவாக நின்று பெய்யும் மழைதான் மணலுக்குள் இறங்கும். கொட்டித் தீர்க்கும் மழையில் பெரும் பகுதி கடலுக்கு ஓடிவிடும். பள்ளத்தில் இருக்கும் பாத்திகளில் தண்ணீர் நின்று வேரை அழுகவைக்கும். விதைத்தது போகும், மறுபடி விதைக்க வேண்டும். கார்த்திகையில் காய்க்க வேண்டிய செடி தை கடைசியில் காய்க்கும்.

ஆகவே மழை எத்தனை சென்டி மீட்டர் என்று பத்திரிகையில் பார்த்தால் மட்டும் போதாது. மண்ணுக்குள் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்வது ஊற்றுக் குழிதான்.

சந்தைக் கணக்கு

காய்ப்பு தள்ளிப் போனால் என்ன? நாலு வாரம் கழித்து விற்றால் ஆகாதா?

அங்கேதான் நஷ்டம். கார்த்திகை, மார்கழியில் காய்கறிக்கு நல்ல கிராக்கி. அய்யப்ப பக்தர்கள் விரதம் இருக்கும் காலம் அது. அவர்களில் ஏராளமானோர் ராமேசுவரத்துக்கும் வருகிறார்கள். பொங்கலுக்கு அவரை, மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி இல்லாத வீடு கிடையாது. அந்த விலையைப் பிடித்தவன் பிழைத்தான்.

பொங்கல் முடிந்ததும் எல்லா ஊரிலிருந்தும் காய் வந்து குவியும். விலை மளமளவென்று இறங்கும். பறிப்புக் கூலி, வண்டிச் சத்தம், கமிஷன் எல்லாம் போனால் கையில் நிற்பது சொற்பம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தக்காளியைப் போடுகிற பரிதாபமும் உண்டு.

இடைத்தரகர் இல்லாமல் விற்க உழவர் சந்தை இருக்கிறது. 1999-ல் மதுரையில் முதல் சந்தை தொடங்கியது. பிறகு மற்ற ஊர்களிலும் வந்தது. பஸ் வசதி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.

விலை விழும்போது விவசாயி என்ன செய்வான்? குறைந்த விலையைச் சரிக்கட்ட இன்னும் அதிகமாக விளைவிக்கப் பார்ப்பான். அதற்கு இன்னும் அதிகமாகத் தண்ணீர் இறைப்பான். சந்தையில் விழும் விலை, மணலுக்கு அடியில் உப்பை ஏற்றுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு வெளியே தெரிவதில்லை.

என்ன செய்யலாம்?

குடத்தைத் தூக்கிக்கொண்டே இருங்கள் என்று சொல்வது நியாயம் அல்ல. மோட்டார் வேண்டாம் என்பதும் இல்லை. ஆழமாக இறைப்பதும், அளவுக்கு மீறி இறைப்பதும்தான் கூடாது.

ஆழம் குறைந்த அகலமான குழி; அதில் சிறிய மோட்டார்; அதிலிருந்து சொட்டுநீர்க் குழாய். இதுதான் நடுவழி. சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் இருக்கிறது. செடியின் அடியில் தென்னை மட்டையையும் சருகையும் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. அம்மாளின் இடுப்பும் தப்பும், ஊற்றும் தப்பும்.

தண்ணீரை ருசி பார்ப்பதோடு நின்றுவிடாமல், மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளலாம். மழை முடிந்ததும் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை பார்த்து எழுதி வைத்தால், ஆபத்து வருமுன்னே தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு வீடு மட்டும் சிக்கனமாக இருந்து பயன் இல்லை. அடியில் இருக்கும் தண்ணீருக்கு வேலி கிடையாது. அடுத்த தோட்டத்தில் ஆழக் குழாய் இறங்கினால், இந்தத் தோட்டத்துக் குழியும் கரிக்கும். எனவே ஊர் கூடிப் பேச வேண்டிய விஷயம் இது. எத்தனை அடிக்கு மேல் தோண்டக்கூடாது, மணல்மேட்டை யாரும் வெட்டக்கூடாது, ஊருணியைத் தூர்க்கக்கூடாது என்று கட்டுப்பாடு வேண்டும்.

அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. நிலத்தடி நீரைக் காக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்து செய்யப்பட்டது. கடற்கரை மணலுக்கு, மற்ற இடங்களுக்கு உள்ளதைவிடக் கூடுதலான பாதுகாப்பு தேவை. ஏனென்றால் இங்கே தண்ணீர் தீர்ந்து போவதில்லை. உப்பாக மாறிப் போகிறது!

இன்னும் சில வாரங்களில் வாடை ஓயும். பங்குனி வெயில் காயும். அப்போதும் அந்த அம்மாள் விடியற்காலையில் குழியில் இறங்குவாள். முதல் குடத்தில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள்.

தண்ணீர் இனித்தால், அடுத்த மார்கழிக்கும் அங்கே தோட்டம் இருக்கும்.