கறுப்புக் கட்டமும் கறுப்புச் சட்டமும்

நம் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களில் எறும்பு மொய்த்தாற்போல் ஒரு சிறு கறுப்புக் கட்டம் அங்கங்கே அச்சாகியிருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். 2018-ம் வருஷத்துப் புதிய புத்தகங்களுடன் வந்த புதுமை அது. கைப்பேசியின் கண்ணை அதன்மேல் காட்டினால், 'தீக்ஷா' என்னும் மத்திய சர்க்கார் செயலியின் வழியே பாடம் படமாக ஓடும். கலவையில் குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கும் சென்னைப் பட்டணத்துச் சிறுவனுக்கும் ஒரே பாடம். நல்ல காரியந்தான், சந்தேகமில்லை.

ஆனால் பிள்ளை பாடத்தைப் பார்க்கும்போது செயலியும் பிள்ளையைப் பார்க்கிறது. 49 தேசங்களின் கல்விச் செயலிகளை ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் ஸ்தாபனம், மாணவர் இருக்கும் இடத்தைத் துல்லியமாய்க் குறித்துக்கொள்ளும் வல்லமை தீக்ஷாவுக்கு இருந்ததென்று 2022-ல் எழுதிற்று. 2023 ஜனவரியில் வேறொரு செய்தி வெளியாயிற்று. அதே தீக்ஷாவில் சேர்ந்த சுமார் பத்து லட்சம் ஆசிரியர்கள், ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்கள் ஆகியோரின் விவரங்கள், பூட்டில்லாத சேமிப்புக் கிடங்கில் ஒரு வருஷத்துக்கு மேல் திறந்து கிடந்தனவாம்! கல்லாப் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர் நம்மில் யாராவது உண்டா?

பாடசாலையில் கணினியின் உறுப்புக்களை ஒப்பிக்கக் கற்பிக்கிறோம். "கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே" என்று எச்சரிக்கிறோம். அத்துடன் கடமை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். விவரம் கேட்கிறவர் யார், எதற்காகக் கேட்கிறார், எத்தனை காலம் வைத்திருப்பார், வேண்டாமென்றால் அழித்துவிடுவாரா என்று கேட்கப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது?

இதற்கு உபாத்தியாயர்கள் அமெரிக்காவிலிருந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. கலவை அந்நாளில் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற முதற் கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பன் துறையை அடைந்த பிறகு, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்த ஜில்லாவிலிருந்து போனவர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்கு வசதியல்லவா? இன்றோ அவர்களுடைய பேரன் பேத்திகளின் மக்கள், பூர்விகக் கிராமம் எதுவென்று அதே பேரேடுகளில் தேடுகிறார்கள். எழுதிய கை நினைத்த காரியம் ஒன்று, நடப்பது வேறொன்று. இதில் நன்மை விளைந்தது அதிர்ஷ்டமே.

அடுத்த பாடம் டிரான்ஸ்வாலில் நடந்தது. எட்டு வயதுக் குழந்தை முதல் இந்தியர் அனைவரும் விரல் ரேகை பதித்துச் சீட்டுப் பெறவேண்டும் என்று 1906-ல் ஒரு மசோதா கிளம்பிற்று. மறு வருஷம் சட்டமான அதை நம்மவர் 'கறுப்புச் சட்டம்' என்றே அழைத்தனர். காந்தியடிகளும் தமிழர் தலைவரான தம்பி நாயுடுவும் சிறை புகுந்தார்கள். 1908 ஜனவரியில் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் சட்டம் ரத்தாகும் என்பதே காந்தியடிகள் அதற்குக் கொண்ட பொருள். பிப்ரவரி 10-ந் தேதி அவர் பதிவு செய்யப் புறப்பட்டபோது மீர் ஆலம் என்னும் பட்டாணியர் அவரைத் தடியால் அடித்து வீழ்த்தினார். "நேற்றுக் கூடாதென்ற விரல் ரேகை இன்று எப்படிக் கூடும்?" என்பது அவருடைய ஆத்திரம். அடிபட்டுப் படுத்தபடியே காந்தியடிகள் அதிகாரியை வரவழைத்துப் பத்து விரல்களையும் பதித்துக் கொடுத்தார்!

அதே விரல், அதே மை. பலவந்தமாகக் கேட்டபோது மறுத்ததை, சம்மதம் கேட்டபோது கொடுத்தார். சட்டம் ரத்தாகவில்லை என்று கண்டதும், ஆகஸ்டு 16-ந் தேதி ஜோஹானஸ்பர்க் மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுக்கள் கொளுத்தப்பட்டன. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் விதம் அது. என்ன, பேரேட்டில் ஏறிய ரேகை பேரேட்டிலேயே இருந்தது. எரிந்தது சீட்டு மட்டுந்தான். இந்த இடத்தை உபாத்தியாயர் அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது.

நிற்க. சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்கவேண்டும் என்று நமது 2023-ம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் அவசியம். விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதத் தவணை. பாடசாலைகளுக்குச் சில விலக்குகளும் உண்டு. விலக்கு இருக்கும் இடத்தில்தான் பெற்றோருக்கு விழிப்பு அதிகம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சம்மதம் கேட்கும் வாசகமோ பாமரருக்கு விளங்காத நடையில் முழநீளம் ஓடுகிறது. பெற்றோர் படியாமலே 'சரி' என்று தொட்டுவிடுகிறார்கள். ஆகையால் கலவைப் பள்ளியில் ஒரு நாள் கணித வகுப்பை ஒத்திவைத்தாலும் பாதகமில்லை. வீட்டுக் கைப்பேசியிலுள்ள செயலிகள் என்னென்ன கேட்கின்றன என்று பிள்ளைகள் பட்டியல் எழுதிவரட்டும். விளக்குப் போடும் செயலிக்கு நம் ஊர் எதற்கு? கணக்குப் போடும் செயலிக்கு அத்தையின் தொலைபேசி எண் எதற்கு? காரணம் புலப்படாத அனுமதிகளைப் பெற்றோரின் முன்னிலையில் அன்று மாலையே பிள்ளைகள் நீக்கிவிடலாம்.