சாம்பியன் ஸ்டேஷனிலிருந்து ஒரு மறுப்பு

மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில் அடுத்து நிற்கிற ஸ்டேஷனின் பெயர் சாம்பியன். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் கொடுத்த பெயர் அது. பிறகு உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நின்று நின்று போய், பங்காருப்பேட்டையில் பெங்களூர்ப் பாதையைப் பிடிக்கும். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ரயில்தான் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறது. விடியுமுன் ஏறி, இருட்டிய பின் இறங்குகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெங்களூரு எஃப்.சி.யின் நீல ஜெர்சி போட்ட பையன்களையும் பார்க்கலாம். துவைத்துத் துவைத்துக் கழுத்துப் பட்டை வெளுத்திருக்கும். முதுகில் சுனில் சேத்ரியின் 11-ஆம் எண் ஓரத்தில் உரிந்து தொங்கும்.

இந்தப் பையன்களின் காதில் சில வருடங்களாக விழுந்துகொண்டிருக்கும் பேச்சு இது: “ஜெயிச்சு ஜெயிச்சு டீமுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு. தோக்க ஆரம்பிச்சதும் ரசிகன் ஓடிட்டான். மிச்சம் இருக்கிறவன் உட்கார்ந்து திட்டுறான், அவனெல்லாம் ஒரு ரசிகனா? கோச்சை மாத்தினா எல்லாம் சரியாயிடும்.” டீக்கடையில் மட்டுமல்ல, விவரம் தெரிந்தவர்களும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

முதலில் தலைக்கனம். 2013-இல் தொடங்கிய க்ளப், முதல் சீசனிலேயே ஐ-லீக்கை வென்றது. 2016-இல் மறுபடியும் வென்றது. அதே ஆண்டு ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. அதுவரை எந்த இந்திய அணியும் அங்கே போனதில்லை. 2019 மார்ச் 17 அன்று மும்பையில், கூடுதல் நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ராகுல் பேகே தலையால் முட்டிய பந்து கோவாவின் வலைக்குள் போனது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையும் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட அணி 2020-21-இல் 7-ஆம் இடத்துக்கு இறங்கியது. 2023-24-இல் 12 அணிகளில் 10-ஆவது.

இந்தச் சரிவுக்கு மனோபாவத்தைக் காரணம் சொல்வது சுலபம். கணக்கைப் பார்ப்பதுதான் கொஞ்சம் வேலை. கோப்பை வென்ற கையோடு முன்களத்தின் முதுகெலும்பாக இருந்த மிகு போய்விட்டார். 2022-இல் டூரண்ட் கோப்பையை வென்று, 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதியை பெனால்டியில் இழந்த அணியிலிருந்து, அந்தக் கோடையிலேயே ராய் கிருஷ்ணா ஒடிசாவுக்கும் சந்தேஷ் ஜிங்கனும் உதாந்தா சிங்கும் கோவாவுக்கும் போனார்கள். கோல் அடிக்கிறவர், கோலைத் தடுக்கிறவர், ஓரத்தில் ஓடுகிறவர் என மூன்று பேரை ஒரே கோடையில் இழந்த அணி அடுத்த சீசனில் 10-ஆம் இடத்தில் நின்றால், அதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

இங்கிலாந்தில் 1936-37-இல் சாம்பியனான மான்செஸ்டர் சிட்டி, அடுத்த சீசனிலேயே கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அந்தச் சீசனில் அந்தப் பிரிவிலேயே அதிக கோல் அடித்த அணியும் அதுதான்: 80 கோல். சோம்பேறிகள் 80 கோல் அடிப்பதில்லை.

தங்கவயல்காரருக்கு இந்தப் பழி புதிதுமல்ல. சுரங்கம் நஷ்டத்தில் ஓடிய காலத்தில் வேலையாட்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. அந்த 3 கிராமுக்காக 3 கிலோமீட்டர் ஆழம் வரை, சுடுகிற பாறைக்குள் மனிதர்கள் இறங்கினார்கள். பாறையில் பொன் குறைந்ததற்கு இறங்கினவன் என்ன செய்வான்? இந்த ஊரில் பிறந்தவர்கள் தோல்வியின் காரணத்தை ஆட்களின் குணத்தில் தேடக் கூச்சப்படுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அடுத்தது, ரசிகன் ஓடிவிட்டான் என்ற குற்றச்சாட்டு. சரிவு தெரிய ஆரம்பித்தது 2020-21-இல். அந்தச் சீசனும் அடுத்த சீசனும் கொரோனாவால் முழுக்க முழுக்கக் கோவாவில் நடந்தன. லீக் ஆட்டங்களுக்குப் பார்வையாளர்களை உள்ளேயே விடவில்லை. பூட்டிய வாசலுக்கு வெளியே நின்றவனைப் பார்த்து “ஓடிவிட்டான்” என்பது பெரிய அநியாயம்.

அதற்குப் பிறகு அணியின் சொந்த மைதானமான பெங்களூர் கண்டீரவாவில் காலி நாற்காலிகள் இருந்தன. அதை மறைக்க வேண்டாம். வெற்றி கூட்டத்தைக் கூட்டும் என்பதும் உண்மை. ஆனால் காலி நாற்காலிக்கு வேறு காரணங்களும் உண்டு. 2023-24-இல் பல ஆட்டங்கள் இரவு 8 மணிக்குத்தான் தொடங்கின. முடிய 10 ஆகும். தங்கவயல் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். இரவு வீடு வந்து சேர்ந்தவன் மறுபடியும் விடியற்காலை ரயிலுக்கு எழுந்திருக்க வேண்டும். டிக்கெட், சாப்பாடு, திரும்பி வரும் செலவு எல்லாம் சேர்த்தால் தினக்கூலியில் பெரும்பகுதி போய்விடும். இத்தனையையும் மீறி ஒரு சீசனுக்கு இரண்டு மூன்று ஆட்டமாவது போய்ப் பார்த்தவனுக்கும், மற்ற ஆட்டங்களை நான்கு பேர் சேர்ந்து ஒரு போனில் பார்த்தவனுக்கும் விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

ரசிகர் என்ற பிறவி கோப்பைக்காக மட்டும் உயிர்வாழ்வதில்லை. பெங்களூர் அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த தெருக்களுக்கு நடுவே பெலேவுக்குச் சிலை நிற்கிறது. மைசூர் மாநிலமாக இருந்தபோது 1968-69-இல் சந்தோஷ் கோப்பையை வென்ற கர்நாடகம், மறுபடியும் அதைத் தொட்டது 2023-இல். இடையில் 54 வருடம். அத்தனை காலமும் இந்தப் பகுதிகளில் பந்து நின்றுவிடவில்லை.

எல்லாவற்றிலும் மோசமான வாதம் மூன்றாவது: திட்டுகிறவன் ரசிகன் இல்லை.

இதற்குப் பதில் சேத்ரியிடமே இருக்கிறது. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை எதிர்த்து இந்தியா ஆடிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். இந்தியா 5-0 என வென்றது, மூன்று கோல் அடித்தவர் சேத்ரி. மறுநாள் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். மைதானத்துக்கு வாருங்கள், வந்து எங்களைக் குறை சொல்லுங்கள், கத்துங்கள், முகத்துக்கு நேரே திட்டுங்கள், ஆனால் வாருங்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். கென்யாவை எதிர்த்த அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது. திட்டு ஒரு வீரனை உடைத்துவிடும் என்று கவலைப்படுகிறவர்கள், திட்டையும் சேர்த்தே கேட்டு வாங்கிய அந்த வீரனை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் பயந்தது வெறும் நாற்காலிக்குத்தான்.

ஜெர்மனியிலும் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். 2011-லும் 2012-லும் சாம்பியனான டார்ட்மண்ட், 2015 பிப்ரவரியில் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. சொந்த மைதானத்தில் ஆக்ஸ்பர்க்கிடம் 0-1 எனத் தோற்ற இரவு, ரசிகர்கள் விசிலடித்துக் கத்தினார்கள். கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் தடுப்பாட்டக்காரர் ஹம்மல்ஸும் உடை மாற்றும் அறைக்கு ஓடவில்லை. நேரே வேலிக்குப் போய், ஏறி, கத்தியவர்களோடு முகத்துக்கு முகம் பேசினார்கள். சீசன் முடிவில் அணி 7-ஆம் இடத்தில் நின்றது.

நம் வீடுகளில் திட்டு யாருக்கு விழும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விழாது. “நல்லா ஆடற பையன், இப்படிச் சொதப்பறானே” என்று ஒருவர் வயிறெரிந்து சொல்லும்போது, அந்தப் பையனைத் தன் பையனாக எண்ணித்தான் சொல்கிறார். வீரனின் குடும்பத்தை இழுப்பது, சாதியையும் நிறத்தையும் சொல்லி ஏசுவது வேறு. அதை யாரும் ரசிகத்தனம் என்று காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி, ஏன் அந்த மூன்று பேரை விட்டீர்கள் என்று நிர்வாகத்தைக் கேட்கிறவனின் வாயையும் சேர்த்து அடைக்கக் கூடாது.

கடைசியில் கோச். 2021 ஜனவரியில், சீசன் பாதியில் கார்லஸ் குவாட்ராட் விலகினார், அணி 7-ஆம் இடம். 2023 டிசம்பர் 8 அன்று கண்டீரவாவில் மும்பை சிட்டியிடம் 0-4 எனத் தோற்ற மறுநாள் சைமன் கிரேசன் போனார், அணி 10-ஆம் இடம். இரண்டு முறை மாற்றியும் அந்தந்தச் சீசன் தேறவில்லை. 2015 டிசம்பரில் மொரீன்யோவை அனுப்பிய செல்சியும் 10-ஆம் இடத்தில்தான் முடித்தது.

கிரேசனுக்குப் பிறகு வந்து 10-ஆம் இடத்தில் முடித்த கோச் ஜெரார்டு சரகோசாவை பெங்களூரு அனுப்பவில்லை. மாறியது ஆட்கள். 2024 கோடையில் மும்பை சிட்டியிலிருந்து அல்பெர்ட்டோ நொகேராவும் பெரேரா தியாஸும் வந்தார்கள். 2019-இல் கோப்பையைக் கொடுத்த அதே ராகுல் பேகேவும் திரும்பி வந்தார். 40 வயதைத் தொட்டிருந்த சேத்ரி அந்தச் சீசனில் 14 கோல் அடித்தார். 2025 மார்ச் 29 அன்று, 0-4 வாங்கிய அதே கண்டீரவாவில், அதே மும்பையை பெங்களூரு 5-0 என அனுப்பிவைத்தது.

ஏப்ரல் 12, சனிக்கிழமை, கொல்கத்தாவில் இறுதி ஆட்டம். முன்னிலையில் இருந்த பெங்களூரு, பந்து கையில் பட்டதற்காகக் கொடுக்கப்பட்ட ஒரு பெனால்டியாலும் கூடுதல் நேரத்தில் வாங்கிய ஒரு கோலாலும் மோகன் பகானிடம் 1-2 எனத் தோற்றது. திங்கட்கிழமை ஏப்ரல் 14, அம்பேத்கர் ஜெயந்தி. தங்கவயலின் தொழிலாளர் லைன்களில் நீலக் கொடி கட்டியிருக்கும் நாள், பெங்களூர் வேலைக்கும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை மறுபடியும் ரயில். பங்காருப்பேட்டை தாண்டியும் வழக்கு ஓயவில்லை: கை பந்தில் பட்டதா, பந்து கையில் பட்டதா?