பிள்ளை தாயைப் பெறுமா?

டி.என்.ஏ.யிலிருந்துதான் ஆர்.என்.ஏ. பிறக்கும், பிள்ளை தாயைப் பெறுவதாவது! இப்படித்தான் ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நினைத்தார்கள். கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸை ஆராய்ந்த அமெரிக்கர் ஹோவர்ட் டெமின், "அந்த வைரஸின் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.யாக மாறி உயிரணுவில் குடியேறுகிறது" என்ற கருத்தை 1964-ல் வெளியிட்டார். நம்பியவர் மிகச் சிலரே. மனிதர் சளைக்கவில்லை. 1970-ல், அந்த மாற்றத்தைச் செய்யும் என்ஸைமையே அவரும் மிஸுடானியும் கண்டுபிடித்தார்கள். பால்டிமோரும் தனியே கண்டார். 1975-ல் டெமினுக்கும் பால்டிமோருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எய்ட்ஸுக்கு வந்த முதல் மருந்து தடுப்பதும் இதே வகை என்ஸைமைத்தான்.

நோபல் விருந்திலேயே புகைப் பழக்கத்தைக் கண்டித்துப் பேசியவர் டெமின். புகையைத் தொடாத அவரையே 1994-ல் நுரையீரல் புற்றுநோய் கொண்டுபோயிற்று. விதியின் விளையாட்டைப் பார்த்தீர்களா?