பொன்னைத் தோண்டியது யார்? பொருளைச் சேர்த்தது யார்?

ஒற்றை மனிதன், ஒற்றைத் துணிச்சல், அளவற்ற செல்வம்: முதலாளித்துவம் ஓயாமல் ஓதும் புராணம் இது. பெங்களூருவில் இப்புராணத்தின் நாயகர் மைக்கேல் பிட்ஸ்ஜெரால்ட் லவெல். செல்வந்தர் வாழும் லவெல் சாலை இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. அதே நகரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக வதைபடும் இளைஞனுக்கும் இப்புராணமே புதிய மொழியில் போதிக்கப்படுகிறது: "சங்கம் வேண்டாம், நீயே முதலாளியாகு."

புராணத்தை வரலாற்றின் உரைகல்லில் உரசிப் பார்ப்போம்.

லவெல், நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிரான ஆக்கிரமிப்புப் போரில் பணியாற்றிவிட்டு வந்த அயர்லாந்துச் சிப்பாய். கோலார் மண்ணில் பொன் உண்டு என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. உள்ளூர் உழைப்பாளிகள் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்ததை லெப்டினன்ட் ஜான் வாரன் 1804ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருந்தார். அந்த அறிக்கையைப் படித்தே 1871இல் லவெல் கோலாருக்குச் சென்றார். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். 1875இல் 20 ஆண்டுக் குத்தகை பெற்றார். ஆழச் சுரங்கம் அமைக்க மூலதனம் இல்லை. 1877இல் உரிமை பெரஸ்போர்டின் குழுவுக்குக் கைமாறியது. அடுத்து வந்தது லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம். ஆக, லவெலின் கையில் இருந்த உண்மையான சரக்கு பொன் அல்ல. ஆங்கிலேயர் ஆளுகையிலிருந்த மைசூர் அரசு அளித்த காகிதமே!

துணிந்தவனுக்குப் பலன் கிடைத்தது என்று வாதிடுவோர் உண்டு. யாருடைய துணிச்சல்? வடாற்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்த வந்த தமிழ், தெலுங்கு உழைப்பாளிகள், பெரும்பாலும் தலித் மக்கள், 3 கிலோமீட்டருக்கும் கீழான ஆழம் வரை இறங்கினார்கள். பாறை வெடிப்பில் மாண்டார்கள். தூசியைச் சுவாசித்து நுரையீரல் கல்லாகிச் செத்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் பெங்களூருவுக்கும் முன்பே சுரங்கத்தை எட்டியது; அதைத் தோண்டியவர்களோ தட்டிக் குடிசைகளில் கிடந்தனர். முதலாளி பணயம் வைத்தது பணம்; தொழிலாளி பணயம் வைத்தது உயிர். லாபம் மட்டும் ஒரு பக்கமே சேர்ந்தது.

ஆனால், அவர்கள் பணிந்து கிடக்கவில்லை. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 6 தொழிலாளர்கள் தியாகிகளாயினர். 1956இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக சுமார் 800 டன் பொன்னை அள்ளிக் கொடுத்த அந்த மண்ணை, 2001 பிப்ரவரி 28 அன்று ஒன்றிய அரசு இழுத்து மூடியது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் இன்று விடியுமுன் ரயிலேறி, கூலி தேடி பெங்களூருவுக்கு ஓடுகிறார்கள்.

அங்கே காத்திருப்பது என்ன? 2023இல் கர்நாடக சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, 12 மணி நேர வேலைக்குக் கதவைத் திறந்தது; மூன்று மாதங்களுக்கான மிகைநேர வரம்பை 75 மணியிலிருந்து 145 மணியாக உயர்த்தியது. அன்று பாஜக ஆட்சி. 2024 ஜூனில் காங்கிரஸ் அமைச்சரவை, தங்கவயலின் 13 கழிவு மேடுகளில் மீண்டும் பொன் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தாத்தன் வெட்டிக் குவித்த மண்ணிலிருந்தே மீண்டும் செல்வம் எடுக்கப்படப் போகிறது. அது யாருக்கு? இன்னொரு லவெலுக்கா?

கழிவு மேட்டின் பொன் பொதுத்துறையிலேயே எடுக்கப்பட வேண்டும். தங்கவயல் குடும்பங்களுக்கு அங்கே முதலுரிமை வேலையும், குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டாவும் வேண்டும். பீன்யாவின் ஒப்பந்தத் தொழிலாளருக்கு நிரந்தரமும் 8 மணி நேர வேலையும் வேண்டும். இவை தனித்தனிக் கோரிக்கைகள் அல்ல. ஒரே வர்க்கத்தின் ஒரே போராட்டம். லட்சத்தில் ஒருவன் லவெல் ஆகலாம் என்ற கனவை விற்பவர்களுக்கு, லட்சம் பேரும் சங்கமாகத் திரள்வதே தகுந்த பதில்.