கை மரத்துப் போவது வீரம் இல்லை தம்பி

"கை மரத்துப் போகலைன்னா அது லாங் ரைடே இல்லை சார்."

புனேயில் இருக்கும் நம்ம ஊர்ப் பையன்களிடம் இந்த வசனத்தை வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்டுவிடுகிறேன். பொங்கல், தீபாவளி நெருங்கினால் இன்னும் அதிகம். ரயிலில் டிக்கெட் கிடைக்காது, ஆம்னி பஸ்காரர் கேட்கும் காசுக்கு ஒரு மாத வாடகை கொடுத்துவிடலாம். அதனால் வண்டியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர் என்று 48-ஆம் எண் நெடுஞ்சாலை. கிருஷ்ணகிரியில் 44-ஐப் பிடித்தால் சேலம், திண்டுக்கல், மதுரை. மொத்தம் சுமார் 1,300 கிலோமீட்டர். ஊர் போய்ச் சேர்ந்ததும் நண்பர்களுக்கு வருகிற முதல் சேதி, "சுண்டுவிரல்ல உணர்ச்சியே இல்லடா மச்சான்" என்பதுதான். ஏதோ போர்முனையிலிருந்து திரும்பியவர் மாதிரி அதில் ஒரு பெருமை வேறு!

எனக்கு அந்தப் பெருமையின் மேல்தான் கோபம். வலிக்கிற கை விருது அல்ல, நோட்டீஸ். 'இந்த வண்டி உன் உடம்புக்குப் பொருத்தப்படவில்லை, நீ பிடிக்கிற பிடியும் சரியில்லை' என்று உடம்பு அனுப்புகிற நோட்டீஸ். வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தால் யாராவது அதை ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறோமா?

முதலில், மரத்துப்போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கைக்குள் வருகிற நரம்புகளில் இரண்டு நமக்கு முக்கியம். மீடியன் நரம்பு மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகிய குகை மாதிரியான இடத்தின் வழியாக நுழைகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், பாதி மோதிரவிரல் இதன் கணக்கு. அல்நார் நரம்பு சுண்டுவிரல் பக்கமாக வருகிறது. சுண்டுவிரலும் மீதிப் பாதி மோதிரவிரலும் அதன் கணக்கு. மணிக்கட்டை மேலேயோ கீழேயோ மடித்து மணிக்கணக்கில் வைத்திருந்தால் முதல் நரம்பு நசுங்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியை ஹேண்டில்பாரில் ஊன்றி உடம்பு பாரத்தை அதன் மேல் போட்டால் இரண்டாவது நசுங்கும். ஆக, எந்த விரல் மரக்கிறது என்று கவனித்தாலே எங்கே தப்பு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதற்கு ஸ்கேன் எல்லாம் வேண்டாம், கவனம் போதும்.

அடுத்தது அதிர்வு. பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் ஒரு மணி நேரத்தில் 3 லட்சம் சுற்று. பத்து மணி நேரம் ஓட்டினால் 30 லட்சம். ஒவ்வொரு சுற்றின் உதறலிலும் கொஞ்சம் உங்கள் விரலுக்கு வந்து சேருகிறது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிகமாக வந்து சேருகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கல் குவாரிகளில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் 1918-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். ஐரோப்பிய யூனியன் 2002-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. எட்டு மணி நேர வேலைக்குக் கைக்கு வரும் அதிர்வு 2.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போவதும் தினமும் குவாரியில் சுத்தியல் பிடிப்பதும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் ஹிஞ்சவடி டிராஃபிக்கில் தினமும் காலையும் மாலையும் கிளட்ச்சோடு மல்லுக்கட்டுகிறானே, அது வருஷத்துக்கு இரண்டு தடவை இல்லையே?

இன்னொரு கூத்து கேளுங்கள். 2021-இல் ஆப்பிள் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஐபோனை நேரடியாக மாட்டினால் அதிர்வில் கேமரா கெட்டுப்போகலாம், மொபெட், ஸ்கூட்டர் மாதிரி சின்ன எஞ்சின் வண்டியில் மாட்டுவதென்றாலும் அதிர்வைத் தாங்கும் தாங்கியோடு மாட்டுங்கள் என்று. நம்ம பையன்கள் ஓடிப்போய் அதை வாங்கி மாட்டினார்கள். அதே ஹேண்டில்பாரை அதே பத்து மணி நேரம் பிடித்திருக்கும் கையைப் பற்றி மூச்சு கிடையாது. போனுக்கு வாரண்டி உண்டு, ரிப்பேர் கடை உண்டு. நரம்புக்கு உண்டா?

"தம் தம்முனு அதிர்ந்தாதான் சார் புல்லட்டு" என்பார்கள். அப்படியா? அந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியே 2020-இல் மீட்டியார் 350-ஐக் கொண்டுவந்தபோது அதிர்வைக் குறைக்க எஞ்சினுக்குள் பேலன்சர் ஷாஃப்ட் வைத்தது. அதிர்வுதான் அழகு என்றால் எதற்காகச் செலவு செய்து அதைக் குறைத்தார்கள்? தயாரித்தவருக்கே வேண்டாம் என்று தெரிந்ததை நாம்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம்.

இனி விற்பவர்கள் கதைக்கு வருவோம். டூவீலர் கடன் ஃபைல்கள் என் மேஜைக்கு வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டேஷன் இருக்கும். க்ராஷ் கார்டு, சீட் கவர், பாலிஷ், அது இது என்று வரிவரியாகத் தொகை. எத்தனையோ கொட்டேஷன் பார்த்தாயிற்று. 'வாங்குபவரை வண்டியில் உட்காரவைத்து, அவர் கைக்குத் தகுந்தபடி கிளட்ச், பிரேக் லீவர்களைத் திருப்பி வைத்தல் - ரூபாய் 0' என்று ஒரு வரி எதிலும் கிடையாது. ஐந்தடி இரண்டங்குலக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் ஒரே கோணத்தில் லீவர். தையற்கடையில் கைநீளம் ஒரு அங்குலம் கூடினால் சட்டையைத் திருப்பிக் கொடுத்து சண்டை போடுகிறோம். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் வண்டிக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

சரி, அவர்கள் செய்யமாட்டார்கள். நீங்களே செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரமும் ஒரு ஸ்பானர் செட்டும் போதும்.

1. வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, எப்போதும் உட்காருவது போலவே உட்காருங்கள். விரல்களை நீட்டி லீவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடிந்தால், லீவர் பிடிப்பின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, லீவரைத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். இரண்டு பக்கமும்.

2. கிளட்ச் கேபிளைப் பாருங்கள். காய்ந்து, இழை பிரிந்து இருந்தால் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. லீவரில் எவ்வளவு தளர்வு இருக்க வேண்டும் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உங்கள் பீரோவில் இருக்கும், எனக்குத் தெரியும்.

3. செயின் தளர்வு, டயர் காற்று, எஞ்சினை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள், ஹேண்டில்பார் நுனியில் இருக்கும் எடைக்கட்டிகள். அதிர்வு திடீரென்று கூடியிருந்தால் காரணம் இவற்றில்தான் முதலில் தேட வேண்டும். அழகுக்கு என்று அந்த எடைக்கட்டியைக் கழற்றிப் போடுகிறவர்களை என்ன சொல்ல?

4. ஓட்டும்போது டேங்கை முழங்காலால் அணைத்துப் பிடியுங்கள். முழங்கை சற்று மடிந்திருக்கட்டும். உடம்பு பாரத்தை இடுப்பும் தொடையும் சுமக்க வேண்டும், உள்ளங்கை அல்ல. ஹேண்டில்பாரைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தால் போதும்.

5. கிளவ்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறையும். தொளதொளவென்று இருந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். உள்ளங்கையில் தடித்த தையல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்குக் குளிர் காற்று தடுக்கிற கிளவ்ஸ் கட்டாயம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அதிர்வின் பாதிப்பு கூடுகிறது. சிகரெட்டும் அதையேதான் செய்கிறது.

6. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். இறங்கி, கையை உதறி, விரல்களை விரித்து மடக்கி, தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். "நான்-ஸ்டாப்பா நாலு மணி நேரம்" என்பதெல்லாம் ரயில் வண்டிக்குத்தான் பெருமை.

"எங்கப்பா முப்பது வருஷம் ராஜ்தூத் ஓட்டினாரு, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஒரு கேள்வி வரும். உங்கள் அப்பா வீட்டிலிருந்து தாலுகா ஆபீஸுக்கு எட்டு கிலோமீட்டர் ஓட்டினார் தம்பி. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி டீ குடித்தார். புனேயிலிருந்து மதுரைக்கு ஓட்டவில்லை.

"பெரிய வண்டி வாங்கினா வலிக்காது" என்று இன்னொரு கட்சி. கடன் கொடுப்பவன் நான், எனக்கு வியாபாரம்தான், வாங்குங்கள். ஆனால் மணிக்கட்டு மடிந்தபடி ஒரு லட்ச ரூபாய் வண்டி ஓட்டினாலும் வலிக்கும், நாலு லட்ச ரூபாய் வண்டி ஓட்டினாலும் வலிக்கும். வித்தியாசம் மாதத் தவணையில் மட்டும்தான்.

"போகப் போகப் பழகிடும்" என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பதில். பழகுவது கை அல்ல, அலட்சியம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் 22 மீட்டர் போய்விடுகிறோம். மரத்துப்போன விரல் பிரேக் லீவரைத் தேடிப் பிடிக்க அரை வினாடி தாமதித்தால் 11 மீட்டர். ஹாவேரி பக்கம் ராத்திரியில் பின்விளக்கு இல்லாமல் நிற்கிற கரும்பு டிராக்டருக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த 11 மீட்டர் இருக்குமா, இருக்காதா என்பதுதான் கேள்வி. பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் மனைவி என்றால் அந்தக் கேள்வி இரண்டு பேருக்கு.

ஓட்டி முடித்து ஒருநாள் ஆகியும் உணர்ச்சி திரும்பவில்லை, ராத்திரி தூக்கத்தில் விரல் குத்திக் குத்தி எழுப்புகிறது, கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, தைராய்டு இருப்பவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கும் வாய்ப்பு கூடுதல். சர்க்கரை இல்லாத தமிழ்க் குடும்பம் எத்தனை, விரல்விட்டு எண்ணுங்கள். விரலில் உணர்ச்சி இருக்கும்போதே.

ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து நாம் பிழைப்பது இந்த இரண்டு கையை நம்பித்தான். கீபோர்டு தட்டுகிறவரோ, லேத் ஓட்டுகிறவரோ, என்னைப் போலக் கையெழுத்துப் போட்டே தேய்கிறவரோ, முதல் இதுதான். முதலைத் தின்று வியாபாரம் செய்தவன் தேறியதாக எந்தப் பேரேட்டிலும் நான் பார்த்ததில்லை.

பி.கு.: மேலே சொன்னதெல்லாம் பைக்குக்கு மட்டும் என்று நினைத்து வீட்டம்மாவின் ஸ்கூட்டரை விட்டுவிடாதீர்கள். பின் பிரேக் டிரம் வகை என்றால், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நட்டைத் திருகினாலே லீவரின் தளர்வு சரியாகும். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாளைக்கு நாலு நடை போகிற கை அது. அதை யாரும் லாங் ரைடு என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.