அம்பேத்கர் இந்த விதிக்குக் கீழ் விண்ணப்பித்திருந்தால்?

1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில்தான் புரட்சியாளர் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916 மே மாதம் அங்கே ஒரு கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25.

அதே தலைப்போடு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு ஒருவர் விண்ணப்பித்தால்? இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு உதவித்தொகை கிடையாது என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். இவற்றைப் படிக்க இந்தியாவிலேயே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்பது அரசு சொன்ன காரணம்.

இருக்கின்றன. அங்கே சாதியை ஆராய வரும் தலித் மாணவருக்கு நெறியாளர் கிடைப்பதே ஒரு போராட்டம் என்பதும் நமக்குத் தெரியும்.

இந்த உதவித்தொகை யாருக்கு? பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிகள், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுக் கைவினைஞர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். இவர்களுக்குத்தான் தலைப்பில் கட்டுப்பாடு. அப்பா பணத்தில் ஆக்ஸ்ஃபோர்டு போகிறவர் நம் சேரியைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கலாம். சேரியில் பிறந்தவர் அரசு உதவியோடு போய் அதை எழுதக் கூடாது. நம் வாழ்க்கை அவர்களுக்கு ஆய்வுப்பொருள். நாம் மட்டும் ஆய்வாளராகிவிடக் கூடாதாம்.

தோழர்களே, விண்ணப்பியுங்கள். 125 இடங்களில் ஒன்றையும் காலியாக விடாதீர்கள். கூடவே கேளுங்கள்: உதவித்தொகை சலுகையல்ல, உரிமை. எதைப் படிப்பது என்பதை முடிவுசெய்வதும் அந்த உரிமையில் அடங்கும்.